கம்பி பிடுங்கிய கிட்டார்

எங்கள் சமையலறைத் தட்டில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஊறுகாய்ப் போத்தல் இருக்கிறது. உள்ளே வளைந்த உலோகத் துண்டுகள். வருகிறவர்கள் ஆணி என்று நினைப்பார்கள். அவை என் பேஸ் கிட்டாரின் கழுத்திலிருந்து நானே பிடுங்கியவை. வீணையில் மெட்டு என்போமே, அந்த வேலையைத்தான் கிட்டாரில் இந்தக் குறுக்குக் கம்பிகள் செய்கின்றன. விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் சுரத்தை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கும். பிடுங்கிவிட்டால் சுரத்துக்குப் பொறுப்பு விரலும் காதும்தான்.

காது விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. பகலில் ஒபர்வில்லியே என்ற புறநகரில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் பெட்டி அடுக்குவேன். சனி ஞாயிறுகளில் இங்கே புலம்பெயர்ந்திருக்கும் எங்கள் ஆட்களின் கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு என்று மண்டபம் மண்டபமாக வாசிப்போம். என் மனைவி பாடுவாள். கீபோர்ட் வாசிக்கும் அண்ணைதான் குழுவுக்குத் தலைவர். யாராவது ஒரு இழை பிசகினால் நான் திரும்பிப் பார்ப்பேன். அந்தப் பார்வைக்கு அவர்கள் பயந்தார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

பிடுங்குகிற எண்ணம் மனைவியின் பாட்டால் வந்தது. அவள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவாள். அதே இடத்தில் என் கிட்டார் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கும். ஒரு தடவையாவது அவளோடு நானும் வழுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மெட்டில்லாத கிட்டார் புதிதாக வாங்க வழியில்லை. இருந்தது ஒன்று, அதில் கை வைத்தேன்.

2012 குளிர்காலம். மார்க்ஸ் டோர்மோயில் நாலாம் மாடியில் எங்கள் வீடு. சமையலறை மேசையில் கிட்டாரைக் கிடத்தி, நரம்புகளைக் கழற்றி, சோல்டரிங் அயனை மெட்டின் மேல் வைத்துச் சூடேற்றினேன். சூடு பிடித்தால் அடியிலுள்ள பசை இளகும். பிறகு குறட்டால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் மரம் சிம்பு சிம்பாகப் பெயரும். எனக்கு அவசரம் இல்லை. ஒவ்வொன்றும் சின்ன முனகலோடு வெளியே வந்தது.

பாதிக் கழுத்துக்கு வந்தபோதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். தாழ்ந்த, விடாத உறுமல். பிரிட்ஜ் பழுதாகப் போகிறது என்று நினைத்து எழுந்துபோய் பிளக்கைக் கழற்றினேன். பிரிட்ஜ் ஒருமுறை உதறிவிட்டு ஓய்ந்தது. உறுமல் ஓயவில்லை.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, ஏன் பிரிட்ஜை நிப்பாட்டினனீங்கள்? உள்ளுக்கை மீன் கிடக்கு."

"சத்தம் போடுது. உனக்குக் கேக்கேல்லையே?"

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

கீழ்வீட்டுக்காரரின் ஏதோ மெஷின் என்று முடிவுகட்டிப் பிளக்கைத் திரும்பச் செருகினேன்.

மெட்டு இருந்த பள்ளங்களில் மெல்லிய வெள்ளை மரச்சீவல்களைப் பசை வைத்து இறக்கினேன். காய்ந்ததும் மிச்சத்தைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்தேன். கறுத்த கழுத்தில் வெள்ளைக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. மெட்டு இருந்தபோது விரல் அதற்குக் கொஞ்சம் பின்னால் விழும். இனி கோட்டின் மேலேயே விழ வேண்டும். புது நரம்பு பூட்டி, அம்பிளிபயரை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, அவளை ஒரு சுரம் பிடிக்கச் சொன்னேன்.

கோட்டின் மேல் விரலை வைத்தேன். சுருதி கூடி ஒலித்தது. விரலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தேன். இனித்தது. அவள் பாட்டை நிறுத்திவிட்டாள்.

"தள்ளி நிக்குதப்பா. முதல் வைச்சது சரி."

"முதல் வைச்சதோ? அது எங்கையோ ஏறிப் போய் நிண்டது!"

"இல்லையப்பா. இப்பதான் இறங்கி நிக்குது."

"உனக்குக் காதிலை ஏதும் அடைச்சுக் கிடக்கோ?"

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அவள் அறைக்குள் போய்விட்டாள். கிட்டாரின் அடியில் நரம்பைத் தாங்கும் திருகாணிகளைத் திருகித் திருகி, கோடு என் சொல் கேட்கும்வரை நான் விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு சாமத்திய வீடு. இரண்டாவது பாட்டிலேயே அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர்களை நான் பார்க்கும் அதே பார்வை. மனைவி என் பக்கம் பார்க்கவேயில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு மேடையின் மற்ற ஓரத்துக்குப் போய் நின்று பாடினாள்.

இடைவேளையில் அண்ணை தோளில் கை போட்டார். "தம்பி, அந்தப் பழைய கிட்டாரையே கொண்டு வாவன்."

"பழசும் இதுதான் அண்ணை."

அவர் கையை எடுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் ஒரேயடியாகக் காது கெட்டுவிட்டதா என்று மனதுக்குள் கத்தினேன்.

திரும்பி வரும்போது லா சப்பலில் மெத்ரோ ரயில் பாலத்தின் கீழே நடந்துகொண்டிருந்தோம். நிலம் ஒரு பக்கமாகச் சரிந்தது. இரும்புத் தூணைக் கட்டிப் பிடித்தேன்.

"குடிச்சனீங்களே?"

"இல்லை. மேலை மெத்ரோ போகுது, அதான் ஆடுது."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு ரயிலும் போகவில்லை.

மறுநாள் காலை, அவளுக்கு நிரூபித்துக் காட்டுவதற்கென்றே, சுருதி பார்க்கும் சின்னக் கருவியைக் கிட்டாரில் கொழுவினேன். என் காதுக்கு இனித்த இடத்தில் முள் நடுவுக்கு வர மறுத்தது. பேட்டரி போய்விட்டதாக்கும் என்று முள்ளைக் கிட்டப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். வலது காது அம்பிளிபயரின் பக்கம் வந்தது. சுரம் இறங்கியது.

விரல் அசையவில்லை. தலையை மீண்டும் திருப்பினேன். ஏறியது. இடது காதைப் பொத்தினேன், வலது காதைப் பொத்தினேன். ஒரே நரம்பு, ஒரே விரல், ஆளுக்கொரு சுரமாக இரண்டு காதுகள். பிரிட்ஜும் கீழ்வீட்டுக்காரரும் மெத்ரோவும் ஒரு பிழையும் செய்யவில்லை என்பது அப்போது விளங்கியது. எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. மெட்டுகள் இருந்தவரை அவை என்னைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன, மற்றவர்களிடமிருந்தும் என்னிடமிருந்தும்.

காது வைத்தியர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்திச் சோதித்துவிட்டு ஒரு வளைகோட்டைக் காட்டினார். இடது காதில் கீழ்ச்சுரங்கள் முதலில் போகின்றன, மற்றவை பிறகு போகும் என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மண்டபத்து ஸ்பீக்கர்களாலா என்று கேட்டேன். ஏன் வருகிறது என்று சொல்ல முடியாதாம். சிலருக்கு ஒரு காதோடு நின்றுவிடும், சிலருக்கு மற்றதற்கும் வரும் என்றார். நான் எந்தச் சிலர் என்று கேட்டேன். தோள்களைக் குலுக்கினார்.

உப்புக் கூடாது என்று ஊறுகாய் நின்றது. வெறும் போத்தலைக் கழுவி மெட்டுகளை அதில் போட்டு வைத்தேன். திருகாணிகளைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள், பிறகு கிட்டாரை எடுக்கச் சொன்னாள். அதன் பிறகு அவள் என் வலப்பக்கம் நின்றே பாடினாள். நான் கோடுகளைப் பார்த்து வாசித்தேன். ஒருநாள் ஒரு தாலாட்டில் அவள் மேலிருந்து வழுக்கி இறங்க, நானும் கூடவே இறங்கினேன். எங்கே அவள் முடிந்தாள், எங்கே நான் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அதைவிடச் சந்தோஷம் நான் அனுபவித்ததில்லை.

வருடங்களில் இடது காது சொன்னபடியே போனது. முதலில் பேஸ், பிறகு ஆண் குரல்கள். கடைசியில் அவளுடைய குரலும் அங்கே தகரத்தில் மணல் கொட்டுகிற சத்தமாகிவிட்டது. வலது காதில் மட்டும் அவள் அவளாகவே இருந்தாள். ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மரக்கறி வாங்கப் போனாலும் வலப்பக்கம்தான் நடப்பாள். இடம் மாறினால் நானே இழுத்து விடுவேன்.

போன மாதம் அவள் மீன் கழுவிக்கொண்டு அந்தத் தாலாட்டைப் பாடினாள். நான் மேசையில் இருந்தேன். ஒரு உறுமல் கேட்டது. இடது காதின் உறுமல் எனக்குப் பழகிப்போன ஒன்று. இது அந்தப் பக்கம் இல்லை. எழுந்துபோய் பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றினேன்.

அவள் பாட்டை நிறுத்தினாள். ஈரக் கையோடு திரும்பி என்னைப் பார்த்தாள். இந்த முறை மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நிண்டிட்டுதே?"

"ஓம்" என்றேன்.

நிற்கவில்லை.

"இன்னொருக்காப் பாடு" என்றேன். அவள் என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு, என் வலப்பக்கமாக, வழக்கத்தை விடக் கிட்ட வந்து நின்று, முதலிலிருந்து தொடங்கினாள்.