முறுக்குப் பொட்டலத்தில் என் முகவரி

கொல்கத்தாவின் டாக்குரியாவில் தமிழ் மளிகைக் கடை நடத்தும் அக்காவுக்கு டெக்னாலஜி செய்தி என்றால் கொண்டாட்டம். நான் அதே ஊரின் சால்ட் லேக்கில் ஒரு ஆப் கம்பெனியில் இருப்பதால், "இன்னைக்கு யார் வீட்டு விவரத்தைக் காத்துல விட்டீங்க?" என்றுதான் வரவேற்பார்.

ஒருநாள் அவர் கடை முறுக்கைப் பிரித்தால், பொட்டலத் தாளில் என் பெயர், ஃபோன் நம்பர், ஃபிளாட் எண். கூடவே இன்னும் ஆறு வீடுகள். கடையின் டெலிவரி நோட்டிலிருந்து கிழித்த பழைய தாள்! விடுவேனா? கடைக்கே போய்க் கத்தினேன். அக்கா ஒரு சாக்கும் சொல்லவில்லை. அன்று மாலையே கடையைச் சாத்திவிட்டு, ஆறு வீட்டுக்கும் படியேறி, "தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் பௌதி என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அண்ணி, இதற்கா வந்தாய் என்று சிரித்தாராம்.

அடுத்த மாதம் எங்கள் கம்பெனியின் முறை. வாடிக்கையாளர் விவரமெல்லாம் கசிந்தது. மன்னிப்பு மெயில் எழுதியவன் நான். 'உங்கள் தனியுரிமையே எங்கள் உயிர்மூச்சு' என்று ஆரம்பித்து, தப்பு யாருடையது என்பதே வராமல் முடித்தேன். மேலதிகாரி முதுகில் தட்டினார்.

அக்காவும் எங்கள் ஆப்பின் வாடிக்கையாளர்தான்; அந்த மெயில் அவருக்கும் போயிருந்தது. ஃபோனை என்னிடம் நீட்டினார். கடைசி வரி: 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.'

"என்னைத் திட்ட உங்களுக்கு ஒரு கடை இருந்துச்சு," என்றார். "நான் எங்கே வந்து நிக்கணும்?"