நாலாம் அறையின் பலகை

எனக்குக் கதை கட்ட வராது. குதிரைக்கு ஊசி போட வரும், குளம்புக்கு மருந்து வைக்க வரும், அது உதைக்கும் முன் விலகிக்கொள்ள வரும். அவ்வளவுதான் என் படிப்பு. அதனால் நடந்ததை நடந்தபடி, மணி உட்பட, எழுதியிருக்கிறேன். இதில் என் கைச்சரக்கு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. தனியாக இருப்பவர்கள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. நான் தனியாகத்தான் இருந்தேன்.

ஒரு குதிரையேற்றப் பள்ளியில் நான் கால்நடை உதவியாளன். மொத்தம் முப்பத்து நான்கு குதிரைகள். புதிதாக வாங்கி வந்த ஒரு பெண் குதிரைக்கு மூக்கில் மஞ்சளாக ஒழுக ஆரம்பித்தது. எங்கள் டாக்டரம்மா அத்தனை குதிரைக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார். மூன்று குதிரைகள்மேல் சந்தேகம் என்று பதில் வந்தது. கிளாண்டர்ஸ் என்று ஒரு கிருமி நோய். உறுதியானால் குதிரைக்கு வைத்தியம் இல்லை, ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டியதுதான். குதிரையோடு நிற்காது, மனிதனுக்கும் தொற்றும்.

மைதானத்தின் கோடியில், மரங்களுக்கு அப்பால், இதற்கென்றே ஒரு தனிக் கொட்டகை இருந்தது. நான்கு அறைகள், ஓரத்தில் ஆள் படுக்க ஒரு சின்ன அறை. மூன்று குதிரைகளும் அங்கே போயின. இருபத்தொரு நாள் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை முடிவு வரும். அதுவரை ஒரே ஆள்தான் கூட இருக்க வேண்டும். உள்ளே போனவன் வெளியே வரக்கூடாது. வெளியே இருப்பவர்கள் கேட்டைத் தாண்டக் கூடாது.

நான்தான் கையைத் தூக்கினேன். குதிரையைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற கொழுப்பு. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். முதல் குழந்தை. இருபத்தைந்தாம் நாள் தேதி கொடுத்திருந்தார்கள். இருபத்தொன்றாம் நாள் வீட்டில் இருப்பேன் என்று அவள் தலைமேல் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொள்ள வேறு ஆள் படை கிடையாது.

கொட்டகையில் வேலை கடிகாரம்போல நடக்கும். காலை ஐந்தரை, மாலை ஆறு. வாசலில் கிருமிநாசினி ஊற்றிய தட்டில் கம்பூட்ஸை நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். நோய் குறைவாகத் தெரியும் குதிரை முதலில், அதிகமாகத் தெரிவது கடைசியில். ஒவ்வொன்றுக்கும் தனி வாளி, தனி தூரிகை. தண்ணீர்க் குழாயின் நுனி எந்த வாளியிலும் முங்கக் கூடாது. முதல் அறையில் வெள்ளைமூக்கன், இரண்டாவதில் தாத்தா, மூன்றாவதில் புதிதாக வந்தவள். அவளைப் புதுப்பொண்ணு என்று கூப்பிடுவேன். நாலாவது அறை காலி. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு சின்னக் கரும்பலகை. உடல் சூட்டை அளந்து அதில் சாக்பீஸால் எழுத வேண்டும். எனக்கும் வாயில் வைத்து அளக்க ஒரு தெர்மாமீட்டர் உண்டு. காலை ஆறரைக்கு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நான்கு எண்கள் சொல்ல வேண்டும். மூன்று குதிரைகளுடையது, என்னுடையது.

எனக்கு ஜுரம் வந்தால் வீட்டுக்குப் போக முடியாது. நேரே ஆஸ்பத்திரி. இதை டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதல் வாரம் வேலையில் ஓடியது. அப்புறம்தான் தனிமை என்னைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு மனித முகம் கிடையாது. சாப்பாட்டைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, வண்டி தூரம் போன பிறகுதான் ஹார்ன் அடிப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மனைவி போன் செய்வாள்.

"என்னங்க, பேசாம ஒரு குதிரையையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க."

"கட்டியிருப்பேன். அது சமைக்காதேன்னுதான் யோசிச்சேன்."

சிரிப்பாள். சிரித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவாள். அது எனக்குக் கேட்கக் கூடாது என்று போனைத் தள்ளிப் பிடிப்பாள். கேட்கும்.

பத்தாம் நாள் இரவு. அன்று அவள் போனில் அழுதுவிட்டாள். பாத்ரூமில் வழுக்கி, விழாமல் தப்பித்திருக்கிறாள். தூக்கிவிட ஆள் இல்லை. போனை வைத்ததும் என்னால் அறையில் இருக்க முடியவில்லை. புதுப்பொண்ணிடம் போனேன். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவள் கழுத்தில் முகத்தை வைத்தேன். அவள் தாடையை என் தோளில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பத்து நாளில் என்னைத் தொட்ட ஒரே உயிர் அது. நான் அழுதேன்.

கன்னத்தில் ஈரம். என் கண்ணீர் மட்டும் இல்லை என்று விலகிய பிறகுதான் தெரிந்தது. சோப்புப் போட்டு ஐந்து முறை கழுவினேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான்… என் வேலைக்கே தகாத தப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள். காலை 5.30. நாலாம் அறையைத் தாண்டும்போது அதன் பலகையில் ஒரு எண்ணைப் பார்த்தேன்.

98.4.

தூக்கக் கலக்கத்தில் நானே எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் நான் நாலை மேலே திறந்து போடுவேன். இது மூடியிருந்தது. குதிரைக்குச் சூடு நூறை ஒட்டி இருக்கும். 98.4 குதிரைக்கு எழுதுகிற எண்ணே இல்லை. ஈரத்துணியால் துடைத்தேன். மாலை 6.00 மணிக்கு அதே இடத்தில் 98.6 இருந்தது. கேட் பூட்டியபடியே இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

பதினான்காம் நாள் மாலை. மூன்று குதிரைகளின் காதுகளும் நாலாம் அறைப் பக்கமே திரும்பியிருந்தன. புதுப்பொண்ணு அரைக்கதவுக்கு மேலாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். தாடையை எதன்மேலோ சாய்த்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

அங்கே சாய்வதற்கு ஒன்றும் இல்லை. வெறும் காற்று. சரியாக என் தோள் உயரம்.

கிட்டே போனேன். அவள் தலையை எடுத்துக்கொண்டாள். நாலாம் அறைக்குள் வைக்கோல் சரசரத்தது… யாரோ ஒதுங்கி வழி விடுவதுபோல. உள்ளே டார்ச் அடித்தேன். வெறும் சிமெண்ட் தரை. அந்த அறையில் நான் வைக்கோலே போடவில்லை.

பதினாறாம் நாள் காலை எனக்கு உடம்பு வலித்தது. பலகையில் 99.8. நான் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தேன். பீப் அடித்தது.

99.8.

தெர்மாமீட்டரை ஸ்பிரிட்டால் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். 6.30 ஆனது. போன் எடுத்தேன்.

"உங்களுக்கு எவ்வளவு?" என்றார் டாக்டரம்மா.

"98.4."

வாய் கூசாமல் சொன்னேன். இன்னும் ஐந்தே நாள்தான். அவள் அங்கே தனியாக இருக்கிறாள். எனக்கு அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

பதினேழு. பலகையில் 100.6. தெர்மாமீட்டரில் 100.6. டாக்டரம்மாவிடம் 98.4.

பதினெட்டு. பலகையைக் கழற்றி மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாக்பீஸ் முழுவதையும் கழிவுக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவினேன்.

பத்தொன்பது. விடியவில்லை. சத்தம் கேட்டு விழித்தேன்.

டக்… டக்… சர்ர்ர்.

சாக்பீஸ் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம். நாலாம் அறை. மணி 5.10.

குதிரைகள் கனைக்கவில்லை. கால் மாற்றி நிற்கும் சத்தம்கூட இல்லை.

டக்… சர்ர்.

நின்றது.

எழுந்து உட்கார்ந்தேன். வாய் கசந்தது. என்ன கசப்பு இது?

நாக்குக்கு அடியில்… ஸ்பிரிட்.

தெர்மாமீட்டர் துடைக்கிற ஸ்பிரிட்.

என் தெர்மாமீட்டர் பெட்டிக்குள் இருந்தது. மூடியபடி.

வெளியே போனேன். பலகை கதவில் தொங்கியது.

101.8.

தெர்மாமீட்டரை என் வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பீப்.

பார்க்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தேன். அதேதான்.

நான் தூங்கும்போது… யாரோ என் வாயைத் திறந்திருக்கிறார்கள்.

இருபதாம் நாள் இரவு தூங்கவே இல்லை. வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு மனைவி பேசினாள். நாளைக்கு நீங்கள் வந்ததும் முதலில் கால் பிடித்துவிட வேண்டும், யானைக்கால் ஆகிவிட்டது என்றாள். சரி என்றேன். உடம்பு அனலாகக் கொதித்தது.

இருபத்தொன்றாம் நாள். காலை 5.00 மணிக்கு ஜுர மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டேன். 6.45க்கு வேர்த்து விட்டது, ஜுரம் இறங்கிவிட்டது. குளித்தேன், புதுச் சட்டை போட்டேன், பையைத் தூக்கினேன். பலகையை அழுத்தித் துடைத்து, நாலாம் அறைக்குள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் வந்தேன். 7.00 மணிக்கு டாக்டரம்மா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"வெள்ளைமூக்கனுக்கும் தாத்தாவுக்கும் ஒண்ணும் இல்ல. புதுப்பொண்ணுக்குத்தான் உறுதியாயிடுச்சு." கையிலிருந்த தாளை மடித்தார். "நீங்க வீட்டுக்குப் போகலாம்."

புதுப்பொண்ணுக்காக அழக்கூட எனக்கு நேரமில்லை. பூட்டில் சாவியைப் போட்டேன். அப்போது டாக்டரம்மாவின் பார்வை என்னைத் தாண்டிப் போனது.

"அது என்ன பலகை?"

திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால், கேட்டுக்கு உள்ளே நின்ற மரத்தில், தொங்கியது.

நான் துடைத்ததெல்லாம் இருந்தது. பதின்மூன்றாம் நாளிலிருந்து. காலை, மாலை. வரிசையாக. மூடிய நாலு.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மெதுவாக.

"நாலாம் அறை காலின்னு சொன்னீங்க. இது எந்தக் குதிரைக்கு?"

சாவி பூட்டிலேயே இருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் வீடு. 6.30க்கே ஆட்டோ சொல்லி வைத்திருந்தேன். பொய் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கில் மறுபடி அந்தக் கசப்பு…

"டாக்டரம்மா… அது நான்."

அவர் திட்டவில்லை. இரண்டடி பின்னால் போனார்.

"பையைக் கீழ வைங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறை. ரத்தத்தில் அதே கிருமி. மருந்து ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். தொற்றாது என்று உறுதியான பிறகுதான், ஆஸ்பத்திரியில் சேர்ந்த இருபத்தாறாம் நாள், வீட்டுக்கு விட்டார்கள். அதற்குள் குழந்தை முந்திக்கொண்டது. நான் ஆஸ்பத்திரியில் படுத்து இரண்டாம் நாள் மாலை பெண் பிறந்தாள். மாடி வீட்டு அக்கா போனில் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். நான் கண்ணாடி அறைக்குள் படுத்தபடி பார்த்தேன். தொட முடியவில்லை. ஆனால் அந்த நிலையில் வீட்டுக்குப் போய், மனைவியின் காலைப் பிடித்துவிட்டு, குழந்தை பிறந்ததும் கையில் வாங்கியிருந்தால்… புதுப்பொண்ணின் கடைசி நேரத்தில் நான் கூட இல்லை. அதுவும் மனதில் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அந்தக் கொட்டகையில எனக்கு முன்னாடி யாராவது… இறந்துட்டாங்களா?"

"கட்டி பதினோரு மாசம்தான் ஆகுது. முன்ன வெறும் பொட்டல். உங்களுக்கு முன்னாடி அங்க யாரும் ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்ல." பிறகு குரலை இறக்கினார். "ஜுரத்துல நீங்களே எழுதியிருப்பீங்க. அந்த ஜுரம் ஆளைக் குழப்பும்."

நான் அதை நம்பினேன். அதை நம்பினால்தான் தூங்க முடிந்தது. கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே கொட்டகையைக் காலி செய்து, உள்ளே புகை போட்டு, ஜன்னல் கதவெல்லாம் அடைத்துச் சீல் வைத்துவிட்டார்கள். பலகையையும் உள்ளேயே போட்டுவிட்டார்கள். முப்பது நாள் கழித்து, சுண்ணாம்பு அடிக்கத் திறந்தார்கள். டாக்டரம்மாவும் இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். சீல் உடையாமல் இருந்தது.

அன்று காலை 11.20க்கு டாக்டரம்மா என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார்.

பலகையின் பின்பக்கம். நான் அறிய அதில் எதுவும் இருந்ததில்லை. இப்போது பொடிப்பொடியாக, இடம் விடாமல், ஒரு வரிசை. காலை, மாலை. தேதி போட்டு.

முதல் வரி, மாலை 6.40. 97.9.

பீரோவைத் திறந்து மனைவியின் பிரசவ அட்டையை எடுத்தேன். குழந்தை பிறந்தது அதே தேதி, மாலை 6.40. நர்ஸ் எழுதிய முதல் உடல் சூடு 97.9. அன்று கொட்டகைக்குச் சீல் வைத்து இரண்டாம் நாள்.

கடைசி வரிக்கு வந்தேன். போட்டோ வந்த அன்றைய தேதி. காலை 5.30. 98.2.

அன்று காலை எங்கள் வீட்டில் யாரும் குழந்தைக்குச் சூடு பார்க்கவில்லை.