விசில் இல்லாத வண்டி

சரக்குக் கிடங்கில் கேட் திறந்து மூடுவது என் வேலை. டிரைவர்கள் எல்லாருக்கும் நான் கேட்டக்கா. என்னைவிட மூத்தவரான புது டிரைவர் விசில்காரரும் வந்த அன்றே அப்படிக் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அதுவரை பஸ் கண்டக்டர். பாதி ஆயுசு விசில் ஊதியே கழிந்திருக்கிறது. டிக்கெட் கொடுக்க மெஷின் வந்ததும் கண்டக்டர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கடல் தாண்டி வாழ்கிறாள். சுவரோடு பேசிக்கொண்டிருந்தால் பைத்தியம் என்பார்களே என்று, லாரி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

டயரைத் தட்டி அந்தச் சத்தத்திலேயே காற்று குறைந்ததைக் கண்டுபிடிப்பது, தார்ப்பாயை இழுத்துக் கட்டுவது, இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் சின்ன கியரில் இறங்குவது, எல்லாம் சட்டென்று பிடிபட்டது. ரிவர்ஸ்தான் காலை வாரியது. நீள டிரெய்லர் வண்டி. பின்பக்கம் இடதுபுறம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலதுபுறம் திருப்ப வேண்டும். கொஞ்சம் கூடிப்போனாலும் வண்டி நடுவில் மடங்கிக்கொள்ளும். இது புதிதாக வருகிற எல்லாருக்கும் உள்ள பாடுதான். இவருக்கு வந்தது வேறு வியாதி. ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். எஞ்சின் ஓடும், வண்டி நகராது. பின்னாலிருந்து விசில் வரட்டும் என்று காத்திருக்கிறார். டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விசில்காரர் என்ற பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

மேனேஜர் சிரிக்கவில்லை. சரக்கு இறக்குகிற இடத்தில் கை காட்ட ஆள் இருக்காது, சனிக்கிழமைக்குள் தனியாக ரிவர்ஸில் வந்து சரக்கு மேடையோடு வண்டியை ஒட்டி நிறுத்திக் காட்டாவிட்டால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கும் உத்தரவு.

வெள்ளிக்கிழமை பழகும்போது தண்ணீர் டிரம்மை நசுக்கினார். என் டிரம் அது. விறுவிறுவென்று போய், கண்ணாடியில் தெரியாவிட்டால் இறங்கிப் பார்த்தால் என்ன, காலில் என்ன மருதாணியா வைத்திருக்கிறது என்று கேட்டேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்: "என் பஸ் டிரைவர் திரும்பியே பாக்க மாட்டாரு கேட்டக்கா. பின்னாடி நான் இருக்கேன்னு அவருக்குத் தெரியும். எனக்குப் பின்னாடி யாரு இருக்கா?"

நசுங்கிய டிரம்மை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர் கியரைப் போட்டார், உட்கார்ந்திருந்தார். போச்சுடா என்று நினைத்தேன். அப்புறம் கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் போய்ப் பார்த்தார், ஏறினார், கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி இறங்கினார். "என்ன, பந்தி விசாரிக்கிறாரா?" என்றான் ஒருவன். நான் முறைத்ததும் அடங்கினான். நடுவில் வண்டி மடங்கப் பார்த்தது. பதறாமல் முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி விட்டார். கடைசியில் மேடை விளிம்பில் இருந்த ரப்பரில் வண்டி மெதுவாகத் தொட்டு நின்றது. மேனேஜர் தலையசைத்துவிட்டுப் போனார்.

கைதட்டல் ஓய்ந்தும் அவர் இறங்கவில்லை. அருகில் போனேன். பாஸானவர் முகமா அது?

"யாரும் இல்லாமலே ஓட்டலாம் போலிருக்கு," என்றார்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. எனக்கும் வீட்டில் சுவர்தான்.

திங்கட்கிழமை காலை முதல் லோடு. கேட்டை விரியத் திறந்துவிட்டேன். வண்டி வாசலில் வந்து நின்றது, நகரவில்லை. பின்னால் மற்ற லாரிகள் ஹார்ன் அடித்தன. நாள் நட்சத்திரம் பார்க்கிறீரா என்று கத்த வாயைத் திறந்தேன். அவர் முகம் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போய் வண்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினேன்.

"போலாம், ரைட்."

வண்டி கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் அவர் லோடு எடுக்கிற நாளில் நான் லீவு போடுவதில்லை.