மிதிக்கக் கூடாத வெளிச்சம்

“லைட்டை நிலத்துக்குள்ள புதைக்கிறதுக்கோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனான்?”

அப்பா இதைக் கோபத்தில் கேட்கவில்லை. சாம்பல்தீவில் எங்கள் வீட்டு முற்றத்தில் வலையை உதறிக் காயப்போட்டபடி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்து வாங்கிய என் சான்றிதழ் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சாம்பிராணி கிடைக்கும். அப்படி மரியாதையான ஒரு படிப்பை வைத்துக்கொண்டு பலகையில் ஓட்டை போட்டு லைட் பதிக்கப் போகிறேன் என்றால், ஒரு தகப்பன் வேறு என்ன கேட்பார்?

அதுவரை அந்தப் படிப்பு பார்த்த வேலை அவருக்குத் தெரியாது. நகரத்தில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் நின்று, வாங்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு பல்பையும் பூட்டி எரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பல்ப் என்று நான் சொன்னால் போதாது, அது எரிய வேண்டும். ஒருநாள் உப்புவெளியில் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒருவர், கடலைப் பார்த்துப் போட்ட பலகைத் தளத்துக்குள் பதிக்க எல்இடி லைட் தேடி வந்தார். கிண்ணியாக்காரரான எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“மகள், இத ஒழுங்காச் செஞ்சு குடுத்தா இனி வெளிவேலையெல்லாம் உங்கட பொறுப்பு. இல்லாட்டி பல்புதான்.”

விடுதிக்காரர் கனடாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். தளத்தின் நட்டநடுவால் இரண்டு வரிசை வெள்ளை லைட்டுகள் கடலை நோக்கி ஓடின. விமானம் ஒன்று இறங்கப்போவது போல இருந்தது. நான் நேரில் போய்ப் பார்த்து, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத வளையம் வேண்டும். தண்ணீர் புகாத றப்பர் வேண்டும். மாரி மழை தேங்காமல் வடிய ஒவ்வொரு லைட்டுக்கும் கீழே இடம் வேண்டும். வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், அதனால் மஞ்சள் சாயல்தான் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, லைட்டுகளை விளிம்பிலும் படிகளின் முகப்பிலும் வைக்க வேண்டும் என்றேன்.

அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். பிறகு, ஒருக்கா ஆம்பிளையளோடும் கதைத்துவிட்டு முடிவெடுப்போம் என்றார்.

ஆம்பிளைகள் என்றால் மேசன், தச்சர், அவருடைய மாமா. மாமா துறைமுகத்தில் கணக்குப் பகுதியில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்தில் நிறைய லைட்டுகள் உண்டு என்பதால், வெளிச்சம் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் தளத்தின் நடுவில் கதிரை போட்டு இருந்து, தேநீர் முடியும் வரை யோசித்து, தீர்ப்புச் சொன்னார்.

“நடுவில வைச்சால்தான் வைச்சது தெரியும்.”

ஆகவே நடுவில் வைத்தோம். வளையம், றப்பர், வடிகால், நிறம் எல்லாவற்றிலும் என் சொல்லே நின்றது. அந்த நிறத்தைத் தவிர மற்ற ஒன்றும் வெளியே தெரியாது. வயரை மட்டும் விளிம்புச் சட்டத்தோடு ஒட்டி, தாராளமாக நீளம் விட்டு இழுத்தேன். யாரும் குனிந்து பார்க்கவில்லை. துளைத்தபோது கழன்ற வட்ட மரத்துண்டுகளை ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு வைத்தேன். அதையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

திறப்புவிழா மாலையில் விடுதிக்காரரின் சொந்தம் முழுக்க வந்திருந்தது. நண்டு கொண்டுவந்த அப்பாவையும் நிற்கச் சொல்லியிருந்தார்கள். வாசலில் குத்துவிளக்கு ஏற்றிக் கும்பிட்டு முடிந்ததும் நான் சுவிட்சைப் போட்டேன். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. பிறகு ஒருவரும் தளத்தில் கால் வைக்கவில்லை.

முன்னால் நின்ற விடுதிக்காரரின் பெரியம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். “இதையோ மிதிக்கச் சொல்லுறியள்?”

“இது சும்மா லைட், பெரியம்மா,” என்றார் விடுதிக்காரர்.

“எரியுதெல்லோ.”

இப்போதுதான் ஒரு சுடரைக் கும்பிட்டுவிட்டு வந்த கால்கள். பெரியம்மா விளிம்பால் நடந்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும், என் அப்பாவும், விளிம்பால் நடந்தார்கள். வெளிச்சம் இல்லாத இடம் அது ஒன்றுதான். முதல் விருந்தினராக அன்றே வந்திறங்கிய வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் செருப்போடு நடுவால் போனார்கள். அவர்களை எல்லோரும் கோயிலுக்குள் அப்படி நுழைந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். விடுதிக்காரர் சமாளிப்பதற்காக நடுவால் போகத் தொடங்கினார். கனடா பாதி வழிதான் துணை வந்தது, அதன் பிறகு அவரும் செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு லைட்டாகத் தாண்டித் தாண்டி வந்து சேர்ந்தார். அதற்குள் மாமா, கட்லட் தட்டோடு விளிம்பிலிருந்து மணலில் விழுந்திருந்தார். முழங்கால் உரஞ்சியதைத் தவிர அவருக்கு ஒன்றுமில்லை. கட்லட்டுகளைக் காகங்கள் பார்த்துக்கொண்டன.

“விளிம்பில வைக்கோணும் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி,” என்றார் விடுதிக்காரர்.

சொன்னேன்தான். ஆனால் ஆட்கள் விழாமல் இருக்கத்தான் சொன்னேன். எரிகிறதை மிதிக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தோன்றவில்லை. எந்தக் காரணத்துக்காகச் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் விளக்கப் போகவில்லை. சரியாகச் சொன்னவள் என்ற பெயர் சும்மா வரும்போது அதை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

பஸ்ஸில் வரும்போது, கடையில் பார்க்கும் வேலையையும் முதலாளி போட்ட நிபந்தனையையும் சொன்னேன். இனிப் பல்புதானோ என்று அப்பா கேட்டார். விடுதிக்காரர் நாளைக்கு ஆம்பிளையளோடு கதைத்துவிட்டுச் சொல்வாராம் என்றேன். அப்பா வெறும் நண்டுக் கூடையைக் காலடியில் தள்ளி வைத்தார்.

“நிலத்துக்குள்ள புதைச்சாலும் வடிவாத்தான் எரியுது,” என்றார்.

மறுநாள் காலை, நடுவில் உள்ள ஓட்டைகளை அடைக்க அந்த ஐஸ்கிறீம் பெட்டியோடு நான் போனபோது கூட்டம் தொடங்கியிருந்தது. மேசன், தச்சர், முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டிய மாமா, நடுவில் தேநீர். தான் விழுந்த இடத்தை மாமா கைகாட்டி எல்லோருக்கும் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். சரியான இடத்தைத்தான் காட்டினார். அவர்கள் முடிவுக்கு வருவதற்குள், அதே இடத்தில், விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே, நான் முதல் துளையைப் போட்டு முடித்துவிட்டேன்.