கழிக்காமல் விட்ட ஒரு மணித்தியாலம்

கர்ர்ர்ரென்று பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம், வரி முடிந்ததும் சின்னதாக ஒரு மூச்சு, பிறகு மறுபடி கர்ர்ர். துங்காபியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு காரேஜுக்குள், புல் வெட்டும் மெஷினின் பெற்றோல் மணமும் சாம்பிராணிப் புகையும் கலந்து மூக்கை அடைக்க, சிட்னியில் பிறந்த எங்கள் வயதுப் பிள்ளைகளின் சாதகமெல்லாம் பிரின்டரிலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் வெளியே வந்தது. இரண்டு கரையிலும் ஓட்டை போட்ட நீளத் தாள் மடிப்பு மடிப்பாகக் கீழே விழும். அந்தக் கரையைக் கிழித்து எடுக்கிற வேலைக்காக நாங்கள் சின்னதுகள் சண்டை பிடிப்போம்.

அந்த வீட்டுக்காரரை எல்லோரும் "கொம்பியூட்டர் அங்கிள்" என்றுதான் சொல்வார்கள். பகலில் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் வேலை. பின்னேரமானால் குளித்து, விபூதி பூசி, காரேஜுக்குள் போவார். கொம்பியூட்டரின் நெற்றியிலும் மூன்று குறி விபூதி, நடுவில் குங்குமப்பொட்டு. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்பார். ஜூலைக் குளிரில் அந்தச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று நடுங்கியது இன்றைக்கும் என் உள்ளங்காலுக்கு ஞாபகமிருக்கிறது. ஊரிலிருந்த சாத்திரியார்மாரை நம்பாத என் அப்பாகூட அந்த மெஷினுக்கு முன்னால் கை கட்டித்தான் நிற்பார். "மனுசன் காசுக்குப் பொய் சொல்லுவான், கொம்பியூட்டர் ஏன் சொல்லப்போகுது?" என்று கேட்பார். அந்தத் தாளில் எல்லாம் இங்கிலீசில் அச்சாகியிருந்ததால் அவருடைய நம்பிக்கை இரட்டிப்பானது. கோயிலும் விஞ்ஞானமும் சேர்ந்து ஒரே வாயால் சொன்னால் மறுக்க யாரால் முடியும்?

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது என் தாளும் வந்தது. நான் பிறந்தது தைப்பொங்கல் கழிந்த கிழமை, வெஸ்ட்மீட் பக்கத்து ஆஸ்பத்திரியில், பின்னேரம் ஐந்தே கால். பிறந்ததும் கையில் கட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டியை அம்மா சாமித்தட்டில் வைத்திருந்தா. அதைக் கொண்டுவந்து பார்த்து அவ நேரம் சொல்ல, அங்கிள் தட்டினார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

இங்கே கோடை தொடங்குகிற ஒவ்வொரு ஒக்டோபரும் அப்பா கதிரையில் ஏறி நின்று, குசினி மணிக்கூட்டின் முள்ளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார். அந்த மணித்தியாலம் எங்கே போகிறது என்று நான் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருடைய உயிரையும் வாங்கியிருக்கிறேன். கடைசியில் பள்ளிக்கூடத்தில்தான் ரீச்சர் படம் கீறிச் சொல்லித் தந்தா, கோடையில் நாங்கள் தள்ளுவது முள்ளை மட்டும்தான், சூரியன் அதன் பாட்டுக்குப் போகிறது என்று. ஆகவே கேட்டேன்: "அங்கிள், தையில மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கெல்லோ ஓடுறது? அதைக் கழிச்சுப்போட்டோ போட்டனீங்கள்?"

காரேஜே சிரித்தது. காத்திருந்த ஒரு அன்ரி, "எடியே, உன்ர மகள் கொம்பியூட்டருக்கே கணக்குப் படிப்பிக்கிறாள்" என்று அம்மாவின் தோளில் தட்டினா. அங்கிள் திரும்பியும் பார்க்கவில்லை. "அதுக்கு எல்லாம் தெரியும் பிள்ளை." அம்மா என் தொடையில் கிள்ளினா. கர்ர்ர் தொடங்கிவிட்டது.

இலங்கையில் மணிக்கூட்டை அப்படித் தள்ளுகிற வழக்கம் கிடையாது, அதனால் அது யாருக்கும் மனதில் வரவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. எங்கள் குசினிச் சுவரில் தொங்கியதும் கொழும்பிலிருந்து வந்த கலண்டர்தானே. அங்கே உதிக்கிற சூரியனுக்குக் கணித்த இராகுகாலத்தைப் பார்த்துத்தான் நாங்கள் இங்கே கார் எடுத்தோம், வீடு பார்த்தோம், ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். பிழை விடுவது மனித இயல்பு, அதில் எனக்குக் கோபமில்லை. பிழையோ என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு இத்தனை பெரியவர்கள் சிரித்தார்களே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தத் தாள் என்ன சொன்னது? எனக்கு மிதுன லக்கினம். நாலாம் இடத்தில் சனி. நாலாம் இடம் படிப்பின் இடமாம். படிப்பு நடுவில் நிற்கும், மீறிப் படித்தால் தகப்பனுக்குக் கண்டம். அங்கிள் இதைத் தமிழில் வாசித்துச் சொன்னபோது அப்பா "ம்" என்றார், அம்மா தாளை நாலாக மடித்து என் ஆஸ்பத்திரிப் பட்டியோடு சாமித்தட்டில் வைத்தா. ஐந்து வருடம் அது அங்கேயே விபூதி படிந்து கிடந்தது.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இரத்தக்குழாயில் அடைப்பு. டொக்டர், சிகரெட்டும் எண்ணெய்ச் சாப்பாடும்தான் காரணம் என்று எங்களை இருத்திவைத்துச் சொன்னார், நானே அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டினா. வீட்டுக்கு வந்ததும் நேரே சாமித்தட்டுக்குப் போய் அந்தத் தாளை எடுத்து விரித்தா.

எங்கட ஆக்கள் பிள்ளைகளின் படிப்புக்காக உயிரையும் கொடுப்பார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் கணக்கு மறுபக்கம் போனது, அப்பாவின் உயிருக்காக என் படிப்பை நிற்பாட்டச் சொன்னார்கள். நான் சும்மா விடவில்லை. அழுதுகொண்டே திரும்பவும் கேட்டேன், அம்மா, அந்த ஒரு மணித்தியாலம், அதை மட்டும் கழிச்சுத் திருப்பிப் போடச் சொல்லுங்கோ என்று.

"உன்ர அப்பாவைக் கொன்றுபோட்டுத்தான் நீ படிக்கப்போறியோ?" என்றா அம்மா.

"ஒரு வருசம் நிண்டு பார் பிள்ளை" என்று அப்பாவும் கட்டிலில் கிடந்தபடி சொன்னார். பத்தாம் வகுப்போடு நின்றேன். தெரிந்தவர்களின் பலசரக்குக் கடையில் மிளகாய்த்தூள் நிறுத்துப் பைகளில் கட்டினேன். ஒரு வருடம் என்றது ஒருநாளும் முடியவில்லை. இன்றைக்கும் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில்தான் நிற்கிறேன். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை, ஆனால் அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

அன்றிலிருந்து பிடித்த பயம் ஒன்று இருக்கிறது. அடுப்பை நிற்பாட்டினேனா என்று பாதி வழியில் காரைத் திருப்புகிறவள் நான். மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி மெசேஜ் போடாவிட்டால் உடனே போன் எடுப்பேன். உன் படிப்பு ஒரு உயிரை எடுக்கும் என்று பதினைந்து வயதில் கேட்டவள் வேறு எப்படி ஆவாள்?

அப்பா பிழைத்தார். எழுபது தாண்டிச் சுகமாக இருக்கிறார். எங்கள் வீட்டுக் கொண்டாட்டம் எதுவானாலும் நாலு பேர் சேர்ந்தவுடன் என் தலையில் கை வைத்து, "என்ர உயிரைக் காப்பாத்தினது இவள்தான். படிப்பை விட்டுத் தந்தவள்" என்று கண் கலங்கச் சொல்வார். பார்த்தவர்கள் உருகுவார்கள். நான் பற்களை இறுக்கிக்கொண்டு பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். அன்பாகச் சொல்லும் மனிதரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

போன மாதம் அப்பாவின் வீட்டில், என் மகள் போனில் ஏதோ சாதகம் பார்க்கிற அப் இறக்கி, விளையாட்டுக்கு என் விபரங்களைப் போட்டாள். பதினைந்து வயது, எதையும் தோண்டிப் பார்க்கிறவள், நான் இருந்த மாதிரியே. ஊர் சிட்னி என்று போட்டதும் அந்தச் சாமான் ஒருவரும் சொல்லாமல் தானாகவே ஒரு மணித்தியாலத்தைக் கழித்தது.

"மம், உங்கட லக்கினம் ரிஷபம். மிதுனம் இல்லை."

சனி நாலிலிருந்து ஐந்துக்குப் போய்விட்டது. படிப்பின் இடத்தில் ஒரு தடையும் இல்லை. நான் நம்பாத ஒன்று, நான் நம்பாத இன்னொன்றைப் பொய் என்று காட்டுகிறது. ஆனாலும் மகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஐந்தில் சனி என்றால் பிள்ளையால் கவலை என்று கீழே போட்டிருந்ததையும் வாசித்தேன், வாசித்தவுடன் பயந்தேன். கோபமும் பயமும் ஒரே வயிற்றில்தானே கிடக்கின்றன.

மகள் போனைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வரி வரியாகப் பார்த்தார்.

"போன் பிழை விடும். விளம்பரம் போட்டுப் பிழைக்கிற சாமான்தானே இது. அங்கிளின்ர கொம்பியூட்டர் அப்படியில்லை" என்றார். பிறகு அதே மூச்சில், "அது கிடக்கட்டும், பேத்தி பிறந்த நேரம் என்ன? போடு பாப்பம்."

"எனக்கு ஞாபகமில்லை," என்றேன்.

"பெத்த உனக்கு ஞாபகமில்லையோ?"

"இல்லை அப்பா. இனியும் வராது." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் முகம் சுருங்கியது. அவரை அப்படிப் பார்த்தும் முதல் தடவையாக நான் இறங்கிப் போகவில்லை.

அந்தக் காரேஜ் இப்போது யாருக்கோ வாடகைக்கு விட்ட சிறு வீடு. அங்கிள் செத்துப் பல வருடம். கர்ர்ர் என்ற சத்தத்தை என் மகள் கேட்டதேயில்லை. கரையில் ஓட்டை போட்ட தாளைக் காட்டினாலும் என்னவென்று அவளுக்கு விளங்காது. சத்தம் ஒழிந்துவிட்டது, கும்பிடுகிற கை மட்டும் போனை நீட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பரமட்டாவில் சிக்னலில் நின்றபோது, "மம், பொய்தானே சொன்னீங்கள்? எனக்கு என்ர டைமை அறிய உரிமை இல்லையா?" என்றாள் மகள். கேள்வி கேட்ட பிள்ளையின் வாயை நானும்தான் அடைத்திருக்கிறேன் என்பது சுரீரென்று தைத்தது. அம்மாவின் நகம் என் விரலில் முளைத்த மாதிரி இருந்தது.

"காலமை பத்தே முக்கால்," என்றேன். "டிசம்பர்."

அவள் போனைத் தொடக்கூட இல்லை. "கழிச்சோ, கழிக்காமலோ?"

பச்சை விழுந்தது தெரியாமல் நான் நின்றேன். பின்னால் கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

"கழிக்காமல்," என்றேன். "நீயே கழிச்சுக்கொள். தாத்தாவுக்கு மட்டும் சொன்னியெண்டா இருக்கு உனக்கு."