தரைக்கு அடியில் முடி

புது வீட்டின் படுக்கையறைத் தரைக்குள் இரண்டு மூட்டை மனித முடியைப் புதைத்தவன் நான். பில்லி சூனியம் இல்லை. ஒரு கட்டுரை படித்ததன் விளைவு.

குஜிலியம்பாறை சாலையில் சுற்றிலும் செம்மண். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய மனை மட்டும் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பிக்கொண்டு வரும். சுண்ணாம்பும் நாரும் கலந்து இடித்தால் அந்த மண் அடங்கும் என்றது கட்டுரை. நாருக்குப் பதில் தலைமுடியும் ஆகும் என்று ஓரமாக ஒரு வரி இருந்தது. என் கண் ஓரமான வரிகளில்தான் விழும்.

"தேங்கா நாரு லாரி லாரியாப் போகுது, அதப் போடுவம் சார்," என்றார் கொத்தனார். "முடின்னா ஆரு தலையில இருந்துச்சோ, என்னமோ."

"சயின்ஸ்ங்க," என்றேன். நாகல் நகரில் எனக்கு முடி வெட்டும் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த மூட்டைகளைச் சுண்ணாம்போடு மண்ணில் கலந்து, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள்.

தளம் போடுவதற்குள் ஒரு மழை. மறுநாள் காலை மனைவியோடு போனேன். மேல்மண் கரைந்து, சவரம் செய்யாத கன்னம் மாதிரி தரை முழுக்க முடி நின்றது. நடுவில் ஒன்று மட்டும் முழ நீளம். பாதி நரை, நுனியில் மருதாணிச் சிவப்பு. மனைவி உட்கார்ந்து அதை விரலில் சுற்றினாள்.

"அக்கா முடிங்க."

அவளுடைய அக்கா எங்களோடு இருந்தவர். புற்றுநோய் சிகிச்சைக்கு முன்னால் அதே கடைக்காரர்தான் வீட்டுக்கு வந்து மொட்டை அடித்து, முடியைப் பையில் போட்டு எடுத்துப் போனார். திரும்ப முடி வளரும்வரை அக்கா இருக்கவில்லை. அவர் படுத்திருந்த வாடகை வீட்டை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று மனைவி அதுவரை பிடிவாதமாக இருந்தாள்.

"தோண்டி எடுக்கச் சொல்றேன்," என்றேன்.

"தொட்டுப் பாருங்க, தெரியும்! அவ இங்கன வந்துட்டா. நானும் வாரேன்."

வந்தாள். அந்தத் தரையில்தான் பாய் விரித்துப் படுக்கிறாள். மத்தியானங்களில் காதைத் தரையில் வைத்து, வெஞ்சனத்துக்கு என்ன செய்யட்டும் என்று கேட்கிறாள். செத்த நேரம் காத்திருந்துவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போகிறாள். கத்தரிக்காய் அக்காவுக்கு உயிர், எனக்கு ஆகாது. தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறேன். அந்த அறைக்குள் சுவரை ஒட்டியே நடக்கிறேன். இரண்டு கோடை போய்விட்டது. தரையில் ஒரு கீறல் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளும்போது, கண்ணாடியைப் பார்த்தபடி கடைக்காரரிடம் கேட்டேன், அக்காவின் முடி அந்த மூட்டையில்தானே இருந்தது என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், நானும் தைரியமாக நடு அறையில் நின்று அக்காவுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம் என்றிருந்தேன்.

கத்தரி நின்றது.

"அம்புட்டு நீள முடிய மண்ணுல போடக் குடுப்பனாண்ணே? அன்னைக்கே சவுரி கட்டுறவக வந்து வாங்கிட்டுப் போயிட்டாக. ஒங்க வீட்டுல கெடக்குறது ஆரு முடியோ. தலையச் செத்தக் குனிங்க."