துணைக்கு நிற்பவள்

காத்தான்குடியில் ஸஹீதாவின் சொந்தத்தில் யாரையாவது ஆசுபத்திரி வாட்டில் படுக்கவைத்து மறித்துவிட்டார்கள் என்றால், முதல் அழைப்பு அவளுக்குத்தான் வரும். புருஷன் மௌத்தாகி அடக்கமாகிப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. வீட்டிலிருந்தபடி கடைகளுக்குச் சின்னப் பிள்ளைகளின் சட்டை தைக்கிறாள். அவளுக்கென்ன, போய் நிற்கட்டுமே என்பது எல்லோருடைய எண்ணமும். மாமியின் இடுப்பு முறிவு, தங்கச்சி ஸில்மியாவின் டெங்கு, யார் யாருடையவோ பிரசவம், எல்லாவற்றுக்கும் அவள்தான் நின்றாள். தையல் மெஷின் மூடிக் கிடக்கும். கடைக்காரர் துணியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். திரும்பி வந்து அவரிடம் கெஞ்சுவதும் அவள்தான்.

நின்று நின்று வாட்டின் நடைமுறையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பெண்கள் வாட்டில் ஆண் துணை நிற்க முடியாது. கட்டிலில் உட்காரக் கூடாது. காலையில் டொக்டர் பார்வையிட வருமுன் வெளியே போய்விட வேண்டும். அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு நோயாளியிடம்தான் கேட்டறிய வேண்டும். சுடுதண்ணீருக்குப் பிந்திப் போனால் வெறும் பிளாஸ்க்கோடு திரும்ப வேண்டும்.

இந்த முறை கட்டிலில் கிடந்தது ஸஹீதாவே. பித்தப்பையில் கல். காலையில் ஒப்பரேஷன் என்று வெள்ளைச் சீருடையில் மிஸ்ஸி வந்து சொன்னாள். முடிந்து வாட்டுக்குக் கொண்டுவந்தபின் பக்கத்தில் ஒரு பெண் நிற்க வேண்டும், யாரென்று இன்றைக்கே சொல்லுங்கள் என்றாள். பின்னேரம் வீட்டார் வருவார்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றாள் ஸஹீதா.

பார்வை நேரத்தில் காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி ஓட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். நோயாளியைப் பார்ப்பது நன்மையான காரியம். அதில் ஒருவரும் குறை வைக்கவில்லை. இடியப்பம், கோழிக்கறி, திராட்சை, பிஸ்கட் என்று கட்டிலருகே இருந்த சின்ன அலுமாரி நிரம்பி வழிந்தது. இரவிலிருந்து வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சின்னம்மா முறையான சாச்சி ஒருத்தி, இதே ஒப்பரேஷனோடு மௌத்தாகிப் போன ஒரு பெண்ணின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பி றமீஸ் வாசலில் நின்று போனில் யாருடனோ காணி விலை பேசிக்கொண்டிருந்தான்.

நாளைக்கு யார் நிற்பது என்று ஸஹீதா பொதுவாகக் கேட்டாள். ஸில்மியாவின் மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனையாம். சாச்சி வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்களாம். இன்னொருத்திக்கு ஆசுபத்திரி மணமே ஒத்துவராதாம்.

"உங்களுக்கு ஆளா வேணும் ராத்தா?" என்று ஸில்மியா சிரித்தாள். "இந்த வாட்டு உங்கட வீடு மாதிரித்தானே. மிஸ்ஸிமாரெல்லாம் தெரிஞ்ச ஆக்கள்."

மணி அடித்தது. ஸலாம் சொல்லிக்கொண்டு எல்லோரும் எழும்பினார்கள். இத்தனை வருடத்தில் ஸஹீதா ஒருவரையும் பெயர் சொல்லி உதவி கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிட்டாள்.

"நிஸ்றா," என்று தம்பியின் மனைவியைக் கூப்பிட்டாள். "நாளைக்கு நீ வந்து நில்லு. உன்ட ரெண்டு பிரசவத்துக்கும் நான்தான் நிண்டன்."

நிஸ்றா புருஷனைப் பார்த்தாள். றமீஸ் போனைப் பையில் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"வாறன் மதினி," என்றாள் நிஸ்றா, முகம் சுண்டிப்போய்.

சொன்னபடி காலையில் வந்தாள். வந்தவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சுடுதண்ணீர் எங்கே எடுப்பது, குளியலறை எந்தப் பக்கம், இந்தப் பையை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பசியோடும் பயத்தோடும் கிடந்த ஸஹீதா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். துணைக்கு வந்தவளுக்கும் நானே துணை நிற்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்செல்லாம் எரிந்தது.

தள்ளுகட்டில் வந்தது. ஏறிப் படுத்தாள். வாட்டு வாசலைத் தாண்டும்போது நிஸ்றா பின்னால் ஓடிவந்தாள்.

"மதினி, பகல் சோத்துக்கு நான் எங்க போற?"

கன்டீன் எங்கே இருக்கிறது, அங்கே எந்தக் கறி வாங்கக் கூடாது என்பதுகூட ஸஹீதாவுக்குத் தெரியும்.

"தேடிப் பாரு புள்ள," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.